வயிற்றுக்கு லைனிங்

வியாழக்கிழமை காலை கனிஷ்காவின் இரைப்பையை அறுத்து எடுத்துவிடுவது என்று செவ்வாய்க்கிழமையே முடிவாகிவிட்டது. முழுவதும் இல்லை, முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கை வைத்துக்கொண்டு மனுஷி எப்படிக் காலம் தள்ளுவாள் என்று மிருதுளா கேட்டதற்கு, "கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்றார் அறுவை மருத்துவர். சொல்லிவிட்டு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

மிருதுளா எழுந்திருக்கவில்லை. கோயம்புத்தூர் ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில், சுவரளவு திரையில் விரிந்து கிடந்த கனிஷ்காவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு அந்த வயிற்றின் உட்சுவர்ப் படலத்தை உண்டாக்கியவள் அவள். முதல் கரண்டியைக் கனிஷ்காவுக்குத் தன் கையாலேயே கொடுத்தவளும் அவள்தான். இப்போது அது பூச்சி அரித்த பட்டுச்சேலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஓட்டைகளின் ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ ஒட்டியிருந்தது. ஓரிடத்தில் புண் வயிற்றுச் சுவரின் முக்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டது.

படலம் என்பது பெரிய மந்திரமில்லை. ஒரு கரண்டிக் கூழாக விழுங்கினால், இரைப்பையின் உட்சுவர் முழுக்கத் தானே படர்ந்துகொள்ளும் உயிருள்ள தோல் அது. சாப்பிடுகிற சோற்றில் தானும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு, கிழிந்த இடத்தைத் தானே அடைத்துக்கொண்டு, அமிலம் சுவரைத் தொடாமல் காவல் இருக்கும். அரசாங்கக் காகிதங்களில் அதற்கு 'இரைப்பை உயிர்ப்படலம்' என்று பெயர். திருப்பூர்க்காரர்கள் அந்தப் பெயரை ஒரு நாள்கூட வாயால் சொன்னதில்லை. துணி வெட்டித் துணி தைத்து வாழ்கிற ஊர், அவர்களுக்கு அது லைனிங். பனியன் கம்பெனிகளில் அல்சர் இல்லாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றிருந்த ஊரில், நாலே வருஷத்தில் பதினோராயிரத்து நானூறு பேர் வயிற்றுக்கு லைனிங் போட்டுக்கொண்டார்கள்.

அதில் முதல் ஆள் கனிஷ்கா. வயது நாற்பத்தேழு. அந்தத் தலைமுறையில் தெருவுக்கு நாலு கனிஷ்கா உண்டு என்றாலும், தையல் பிரிவு சூப்பர்வைசர் கனிஷ்காக்கா என்றால் ஊரில் ஒருத்திதான். அவள் ஒரு வார்த்தை சொன்னதற்காக முந்நூறு பெண்கள் வரிசையில் வந்து நின்று கூழை விழுங்கினார்கள். அப்படிப்பட்டவள் இப்போது மஞ்சள் மஞ்சளாக வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள்.

"பித்தம் மேல ஏறியிருக்கு, அது சரி" என்றார் பிரணவ். திட்டத்தின் இயக்குநர். படித்தவர், நல்லவர், ஆனால் எண்களைக் கண்டால் மனிதர்களை மறந்துவிடுவார். "ஆனா மூணு வேளையும் சாப்பிடற வயித்துல பித்தம் இவ்வளவு நேரம் தங்காது மிருதுளா. அதனால பித்தம் காரணமா இருக்க முடியாது."

மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு அவரிடம் அசைக்க முடியாத சான்று இருந்தது. 'அக்கறை' என்று ஒரு குரல். மனிதக் குரல் இல்லை, இயந்திரம். தினமும் மூன்று முறை ஒவ்வொரு பெண்ணின் போனுக்கும் கூப்பிட்டு, "சாப்டாச்சுங்களா?" என்று அருமையான கொங்குத் தமிழில் கேட்கும். நாலு வருஷமாக நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பதில் "ஆச்சுங்க" என்றுதான் வந்திருக்கிறது. இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிற ஜனங்களை எந்த நாட்டு ஆய்விலும் பார்த்ததில்லை என்று வெளிநாட்டு மாநாட்டில் கைதட்டல் வாங்கியவர் பிரணவ்.

"அப்ப என்னதான் காரணம்?"

"வலி மாத்திரை. நாம வேண்டாம்னு சொன்னதை ஒளிச்சு வச்சு முழுங்கியிருப்பாங்க. நாளைக்கு ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கப் போறீங்கல்ல, அதையும் ஒத்துக்கச் சொல்லி எழுதி வாங்கிட்டு வந்துருங்க. படலத்து மேல பழி வராது."

மிருதுளாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் எதிர்த்துச் சொல்ல அவளிடம் வேறு காரணமும் இல்லை.

புதன்கிழமை காலை அரை டம்ளர் காபியை நின்றபடி குடித்துவிட்டு ஓட்டுநர் இல்லாத முதல் பேருந்தைப் பிடித்தாள். திருப்பூரில் குடியிருப்பின் நாலாவது மாடி ஏறிக் கதவைத் தட்டியபோது மணி பத்தரை. கனிஷ்காவின் கணவன் தருண் கதவைத் திறந்தான். மூன்று நாள் தாடி. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, வியாழக்கிழமை காலை வந்தால் போதும் என்று அனுப்பியிருந்த கனிஷ்கா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

"வாங்க டாக்டர், வாங்க. சாப்டாச்சுங்களா?" என்றாள் கனிஷ்கா.

"ஆச்சுங்க்கா" என்று சொல்லி மிருதுளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காகிதத்தை எடுத்து வைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தாள். கடைசியில் எப்படியோ கேட்டுவிட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வலி மாத்திரை ஏதாச்சும் எங்களுக்குத் தெரியாம..."

கனிஷ்கா அந்த வலியிலும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க டாக்டர், என்ற பேச்ச நம்பித்தான முந்நூறு பொண்ணுங்க லைனிங் போட்டுக்கிட்டாங்க. அவளுகள ஏமாத்திட்டு நான் திருட்டு மாத்திர முழுங்குவனுங்களா? நாலு வருசமா அந்தப் போன்ல கேட்டதுக்கெல்லாம் ஒரு பொய் சொன்னதில்லீங்க. வேணும்னா எங்க குலசாமி மேல சத்தியம் பண்ணட்டுங்களா?"

"வேண்டாங்க்கா, வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து மிருதுளாவின் வயிறு இரைந்தது. சின்னச் சத்தம் இல்லை. சமையல் கட்டிலிருந்து தருண் எட்டிப் பார்த்தான். கனிஷ்காவின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

"டாக்டர், மெய்யாலுமே சாப்ட்டீங்களா?"

"இல்லீங்க... பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு."

"அப்பறம் எதுக்கு ஆச்சுன்னீங்க?"

"அது சும்மா, ஒரு இதுக்கு..." என்று சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அக்கா, காலையில அந்த போன் சாப்டாச்சான்னு கேக்கறப்போ நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஆச்சுங்கன்னுதான் சொல்லுவேன்."

"சாப்பிடலைன்னாலும்?"

"பின்ன? சாப்டாச்சான்னு ஒருத்தர் அக்கறையாக் கேக்கறாங்க. இல்லீங்கன்னா சொல்றது? கேட்டவங்களுக்குச் சங்கடமாப் போயிருமில்லீங்களா? ஒடனே அவங்க எலயப் போடோணும், சோத்தப் போடோணும், அவங்க ஊட்டுல என்ன இருக்குதோ என்ன இல்லியோ."

"அக்கா, அது மிஷினுங்க!"

"மிஷினுன்னாலும் நெம்ப மரியாதையாக் கேக்குதுங்களே" என்றாள் கனிஷ்கா.

"இப்பத்தான் பொய்யே சொன்னதில்லைன்னீங்க?"

"அதெப்படிங்க பொய்யாகும்?"

அவள் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். மிருதுளாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதே ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்த தனக்கு, ஆயிரம் முறை பசித்த வயிற்றோடு "ஆச்சு" சொன்ன தனக்கு, இந்தக் கேள்வியை ஆய்வுக் கேள்வியாக வைக்கக் கூடாது என்று தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி. நெசமா எப்பச் சாப்பிடுவீங்க?"

"ஆறு மணி ஷிப்டுக்கு ஒரு டீ. பத்து மணிக்கு ஒரு டீ. மத்தியானம் மூணு மணிக்கு மேல சோறு. முன்னெல்லாம் எட்டு மணியானா வயிறு எரியுமுங்க. அதுக்குப் பயந்தே ரெண்டு இட்லியத் தின்னுக்குவோம். லைனிங் போட்டப்பறம் வயிறு கூப்புடறதே இல்லீங்க. கம்பெனில அதப் பாத்துட்டு எட்டரை மணி டிபன் நேரத்த எடுத்துப்போட்டாங்க. லைனிங் போட்ட பொம்பளைங்களுக்கு என்னத்துக்கு டிபன்னாங்க. எங்களுக்குந்தான் எரியலையே, டார்கெட் முடிஞ்சாச் சரின்னு உட்டுட்டமுங்க."

அந்த எரிச்சலை ஒழிக்கத்தான் மிருதுளா பன்னிரண்டு வருஷம் உழைத்தாள். அந்தக் கம்பெனியில் இந்தப் பெண்களுக்காக டிபன் கேட்டுக்கொண்டிருந்தது அந்த எரிச்சல் ஒன்றுதான் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. அவமானமாக இருந்தது.

தருண் கரண்டியோடு வந்து நின்றான். "அதுக்கும் இந்த ஓட்டைக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பித்தம்ங்கறது கொழுப்பக் கரைக்கறதுக்காக நம்ம உடம்பு வச்சிருக்கிற சோப்புத் தண்ணி மாதிரிங்க. அது குடல்ல இருக்க வேண்டியது. வயிறு ரொம்ப நேரம் காலியாக் கிடந்தா கீழ்க் கதவு வழியா மேல ஏறி வந்துரும். எல்லாருக்குமே கொஞ்சம் வரும், சோறு வந்து விழுந்ததும் அதோட சேர்ந்து இறங்கிப் போயிரும். நம்ம படலத்தோட மேல்தோலு கொழுப்புல ஆனது. அமிலம் அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா பித்தம் மணிக்கணக்கா ஊறினா, எண்ணெய்ச் சட்டியில சோப்புப் பட்ட கணக்கா கரைஞ்சு போயிரும். அதுக்கப்புறம் அமிலம் நேரா சுவத்தைத் தின்னும்."

"தானா அடைச்சுக்கும்னு சொன்னீங்களே?"

"அடைச்சுக்கும். ஆனா அதுக்கும் சாப்பாடு இவங்க சாப்பிடற சோறுதானுங்க. பட்டினி கிடந்தா எதை வச்சு அடைக்கும்? அக்கா முதல்ல போட்டவங்க, அதான் இவங்களுக்கு முதல்ல விழுந்திருக்கு."

தருணின் முகம் மாறியது. "ஆஸ்பத்திரில அஞ்சு நாளா வாயில ஒண்ணும் குடுக்கலீங்களே. வயித்துக்கு ஓய்வு வேணும்னு சொன்னாங்களே. நானும் சரின்னு கம்முனு இருந்தனே."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிகிற சத்தம் கேட்டு அவன் ஓடினான்.

மிருதுளா காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "அக்கா, நான் நாலு நாள் கேட்டு வாங்கறேன். மணிக்கொரு தடவை கஞ்சி, பித்தத்தைப் பிடிச்சு வைக்கிற பொடி ஒண்ணு, அவ்வளவுதான். படலம் பொழச்சுக்கிட்டா ஆபரேஷனே வேண்டாம். ஆனா மறைக்க மாட்டேன். புண்ணு ரொம்ப ஆழம். இந்த நாலு நாள்ல அது ஓட்டையாச்சுன்னா உயிருக்கே மோசம். நான் நினைக்கறது தப்பாக்கூட இருக்கலாம்."

"கனி, யோசிச்சுச் சொல்லு" என்றான் தருண் உள்ளேயிருந்து.

கனிஷ்கா யோசித்தாள். "வயித்த எடுத்துட்டா மத்த முந்நூறு பேரும் பயந்துக்குவாளுக. எல்லாரும் லைனிங்கப் பிச்சு எறியச் சொல்லுவாளுக. மறுக்கா பழைய எரிச்சல்." வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. ஆனா கஞ்சியக் குடிச்சே பாக்கறேன். நீங்க கூடவே இருக்கோணும்."

மாடிப்படியில் நின்றுகொண்டு மிருதுளா பிரணவுக்குப் போன் போட்டாள். அவர் நம்பவில்லை. நாலு வருஷத் தரவு, இரண்டு கோடிக்கு மேல் பதில், எல்லாமே தப்பு என்று ஒரு நோயாளி சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வது என்று பொரிந்து தள்ளினார்.

"சார், நீங்க காலையில சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு, விஷயத்துக்கு வாங்க."

"என்ன சாப்பிட்டீங்க?"

மறுமுனையில் மேஜை மேல் பேனா தட்டுகிற ஒலி கேட்டது.

"காபி" என்றார் பிரணவ்.

அடுத்த பத்து நிமிஷத்தில் அவரே அறுவை மருத்துவரைக் கூப்பிட்டு நாலு நாள் அவகாசம் வாங்கினார். அறுவை அரங்கம் எந்நேரமும் தயாராக இருக்கும், சிறு சந்தேகம் வந்தாலும் அறுப்பேன் என்ற நிபந்தனையோடு மருத்துவரும் ஒப்புக்கொண்டார். அன்று மத்தியானமே அக்கறையின் கேள்வியை மாற்றினார்கள். சாப்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, "காலைல என்ன டிபனுங்க?" என்று கேட்கச் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை பதினோராயிரத்து நானூறு பேரில் ஏழாயிரம் பேர் அந்தக் கேள்விக்குத் திணறினார்கள். சிலர் டீ என்றார்கள். சிலர் போனை வைத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும், "நீ யாரு கண்ணு இதெல்லாம் கேக்கறதுக்கு?" என்று திருப்பிக் கேட்டாளாம்.

கனிஷ்காவைப் புதன்கிழமையே மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த நாலு நாளும் மிருதுளா அங்கிருந்து நகரவில்லை. முதல் நாள் கனிஷ்கா கஞ்சியைக் குடித்ததும் வாந்தி எடுத்தாள், மறுபடி குடித்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டாள். அறுவை மருத்துவர் கையுறையோடு ஓடி வந்தார். மிருதுளாவுக்கு உலகத்தில் இருக்கிற எல்லாச் சாமியின் பெயரும் வாயில் வந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். புண் ஓட்டையாகவில்லை. அரை மணியில் வலி தணிந்தது. "கஞ்சி குடுங்க" என்றாள் கனிஷ்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவை உள்ளே விட்டார்கள். மஞ்சளும் பச்சையும் போயிருந்தது. ஆழமான புண்ணின் அடியில், மிக மெல்லிசாக, பாலாடை மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. அறுவை மருத்துவர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார்.

"வயிறு அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

மிருதுளா வராந்தாவுக்கு வந்து சத்தமாகவே அழுதாள். தருண் எங்கிருந்தோ இரண்டு இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் ஒன்றை அவள் கையில் வைத்தான். அவளும் மறுபேச்சில்லாமல் பிரித்துச் சாப்பிட்டாள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு மாதம் கழித்து பிரணவ் உற்சாகமாக ஒரு திட்டத்தோடு வந்தார். பித்தத்துக்கும் கரையாத புதுப் படலம். ஆறு மாதத்தில் செய்துவிடலாம். அதற்கப்புறம் யார் எவ்வளவு நேரம் பட்டினி கிடந்தாலும் ஓட்டையே விழாது. கனிஷ்காவை அழைத்து வந்து, உட்காரவைத்து, படம் போட்டு விளக்கினார். அவள் உடம்பு தேறி, மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

"வேண்டாமுங்க" என்றாள் கனிஷ்கா.

"ஏனுங்க?"

"எரியலைன்னு காலை டிபன எடுத்தாங்க. இது வந்துதுன்னா மத்தியானச் சோத்தையும் எடுத்துருவாங்க. எங்களுக்கும் தெரியாது, நாங்களும் கம்முனு தைச்சுக்கிட்டே இருப்போம்."

"அப்ப என்னதான் வேணுங்கறீங்க?" என்றாள் மிருதுளா.

கனிஷ்கா இதையெல்லாம் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "வயிறு காலியா இருந்தா எட்டரை மணிக்கு எரியோணுமுங்க. சாப்ட்டா நிக்கோணும். அத்தன பேருக்கும் ஒரே நேரத்துல எரியோணும். செய்ய முடியுமுங்களா?"

"வலியைக் குடுக்கற மருந்துக்கு எந்தக் கமிட்டிங்க கையெழுத்துப் போடும்?" என்று பிரணவ் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மிருதுளாவுக்கு அது முடியும் என்று உடனே தெரிந்துவிட்டது. படலத்தின் உயிரணுக்களுக்குள் நேரம் காட்டும் ஒரு கடிகாரம் உண்டு. எட்டரை மணிக்குப் பித்தம் வந்து தொட்டால், ஊசிமுனை அளவு ஓர் இடத்தில் மட்டும் திறந்து, கொஞ்சமே கொஞ்சம் சுருக்கென்று உறைக்க வைத்து, சோறு வந்ததும் மூடிக்கொள்ளச் செய்யலாம். புண் ஆகாது. கமிட்டி ஐந்து மாதம் இழுத்தது. ஒன்பதாயிரம் பெண்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு வேறு வழியில்லாமல் சம்மதித்தது.

புதுக் கூழை விழுங்கிப் படலம் முழுசாகப் படர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரம் முடிந்த திங்கட்கிழமை, மிருதுளா ஆய்வகத்தில் எட்டு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்புக்கொள்ளாமல் நடந்தாள். எட்டு முப்பத்தொன்றுக்கு போன் அடித்தது.

"டாக்டர், எரியுதுங்க!" என்று கத்தினாள் கனிஷ்கா. "எனக்கு, நம்ம பிரிவுல எல்லாத்துக்கும், மேல கட்டிங்குல, கீழ பேக்கிங்குல, அத்தன பேருக்கும் எரியுதுங்க! எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க!"

எந்தப் பேச்சைக் கேட்கவே கூடாது என்று பன்னிரண்டு வருஷம் உழைத்தாளோ, அந்தப் பேச்சைக் கேட்டு மிருதுளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனில் கனிஷ்காவின் குரலுக்குப் பின்னால் பெண்களின் பேச்சும் டப்பாக்கள் திறக்கிற சத்தமும் கேட்டன. தையல் இயந்திரச் சத்தம் துளிகூட இல்லை.

"மேனேஜர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு எங்கீங்க பேசறது? கண்ணுல தண்ணி வர வயித்தப் புடிச்சுக்கிட்டு, யாருகிட்டயாச்சும் ஒரு இட்லி இருக்குமான்னு பொண்ணுங்ககிட்டக் கேட்டுட்டு இருக்காரு" என்றாள் கனிஷ்கா. "போன மாசம் அல்சருன்னு வந்து நின்னாருங்க. நாந்தான் கூட்டிட்டுப் போயி லைனிங் போட்டு உட்டேன்."